பின்கட்டிலிருந்து வந்த தாள்கள்

‘ஆன் ஃபிராங்கின் டைரி’ என்று ஒருமையில்தான் எல்லோரும் சொல்கிறோம். அதைத் தமிழில் வாசித்தவர்களும் சரி, பள்ளிப் பாடத்தில் ஒரு பகுதியை மட்டும் படித்தவர்களும் சரி, மனத்தில் வைத்திருப்பது சிவப்புக் கட்டம் போட்ட துணி அட்டைகொண்ட ஒரே ஒரு நோட்டுப் புத்தகத்தை. அந்த நோட்டு இன்றும் ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறது. ஆனால் நாம் வாசிக்கும் புத்தகத்துக்குள் அதிலிருந்து நேராக வந்து சேர்ந்தது கொஞ்சம்தான். பெரும்பகுதி வந்தது வேறு தாள்களிலிருந்து. தட்டச்சில் நகல் எடுப்பதற்காக அலுவலகங்களில் வாங்கி வைக்கும் மெல்லிய தாள்கள் அவை, பல நிறம். பதினைந்து வயதை எட்டிக்கொண்டிருந்த ஒரு பெண், தன் பழைய டைரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்துத் திரும்ப எழுதிய தாள்கள்.

தன் வாழ்க்கையை எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தத் தாள்களின் கதையைத்தான். டைரி எழுதும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அதை அப்படியே அச்சுக்குக் கொடுத்தால் வாழ்க்கைக் கதை ஆகிவிடும் என்ற நம்பிக்கையும் உண்டு. ஆன் அப்படி நம்பவில்லை. அன்றாடம் எழுதியதைக் கச்சாப் பொருளாக வைத்துக்கொண்டு வேறொன்றைச் செய்தாள். அதைச் செய்யக் கற்றுக்கொள்ள அவளுக்கு இரண்டு வருடம் பிடித்தது.

நோட்டு அவள் கைக்கு வந்தது 1942 ஜூன் 12, அவளுடைய பதின்மூன்றாவது பிறந்தநாளில். வீட்டுக்குப் பக்கத்துப் புத்தகக் கடையில் அவளே பார்த்து ஆசைப்பட்டது. நம் ஊரில் பள்ளிப் படிப்பு முடிகிற நேரத்தில் கையில் எடுத்துக்கொண்டு அலைவோமே, அந்த ஆட்டோகிராஃப் நோட்டின் வகை; சிறு பூட்டும் உண்டு. ஆன் அதில் தன் புகைப்படங்களை ஒட்டினாள், பக்கத்தில் குறிப்பெழுதினாள், வகுப்பில் இருந்த ஒவ்வொருவரைப் பற்றியும் தயங்காமல் தீர்ப்பெழுதினாள். பதின்மூன்று வயதுப் பெண்கள் எழுதுகிற மாதிரியான எழுத்து. சுறுசுறுப்பு இருக்கிறது, கண் இருக்கிறது, வேறு விசேஷம் இல்லை.

அவளுடைய தந்தை ஓட்டோ ஃபிராங்க் ஜெர்மானிய யூதர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-இல் ஃபிராங்க்ஃபர்ட்டை விட்டு ஆம்ஸ்டர்டாமுக்கு வந்தவர். ஜாம் செய்யத் தேவையான பெக்டினை விற்கும் ‘ஒபெக்டா’ என்ற நிறுவனத்தை அங்கே நடத்திவந்தார். 1940-இல் நெதர்லாந்தும் ஜெர்மனியின் பிடியில் விழுந்தது. 1942 ஜூலை 5-இல் மூத்த மகள் மார்கோட்டுக்கு ஜெர்மனியில் வேலை முகாமுக்குப் புறப்படச் சொல்லி ஆணை வந்தது. மறுநாளே குடும்பம் தலைமறைவானது. பிரின்சன்கிராக்ட் கால்வாய்க் கரையில், 263-ஆம் எண் கட்டடத்தில், ஓட்டோவின் அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த பின்கட்டுதான் இடம். கிளம்பும் அவசரத்தில் பள்ளிப் பையில் முதலில் திணித்தது இந்த நோட்டைத்தான் என்று ஆன் எழுதியிருக்கிறாள். சுருள்முடிக்கான உருளைகள், கைக்குட்டைகள், பாடப் புத்தகங்கள், சீப்பு, பழைய கடிதங்கள் எல்லாம் அதற்கப்புறம்.

ஒரு வாரம் கழித்து வான் பெல்ஸ் தம்பதியும் அவர்கள் மகன் பீட்டரும் வந்தார்கள். நவம்பரில் ஃபிரிட்ஸ் பெஃபர் என்ற பல் மருத்துவர் வந்தார். மொத்தம் எட்டுப் பேர். பகலில் கீழே வேலை நடக்கும்போது தண்ணீர்க் குழாயைத் திறக்கக்கூடாது, தரையில் சத்தமாக நடக்கக்கூடாது. அலுவலகத்தில் வேலை பார்த்த சிலர் மட்டும் விஷயம் தெரிந்தவர்கள். சாப்பாட்டுக்கு வழி செய்தவர்களும் புத்தகம் கொண்டுவந்து கொடுத்தவர்களும் அவர்களே. அவர்களில் இரண்டு பெண்களின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: மீப் கீஸ், பெப் வோஸ்கைல்.

முதல் சில மாதங்களில் ஆன் யாருக்கு எழுதுவது என்று தேடிக்கொண்டிருந்தாள். சிஸ்ஸி வான் மார்க்ஸ்வெல்ட் எழுதிய ‘யோப் தெர் ஹியூல்’ என்ற கதை வரிசை அன்றைய டச்சுப் பெண் பிள்ளைகளிடம் பிரபலம். அதில் வரும் தோழிகள் கூட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, இன்றைக்கு ஒருத்திக்கு, நாளைக்கு இன்னொருத்திக்கு என்று கடிதம் எழுதினாள். கிட்டி அந்தக் கூட்டத்தில் ஒருத்தி, அவ்வளவுதான். டிசம்பர் தொடக்கத்தில் நோட்டு ஏறக்குறைய நிரம்பிவிட்டது.

அதற்குப் பிறகு ஓராண்டு காணாமல்போயிருக்கிறது. 1942 டிசம்பரிலிருந்து 1943 டிசம்பர் வரை அவள் அன்றாடம் எழுதிய நோட்டுகள் எதுவும் கிடைக்கவில்லை. கிடைத்திருக்கும் அடுத்த நோட்டு 1943 டிசம்பர் 22-இல் தொடங்குகிறது. ஆனால் புத்தகத்தைத் திறந்தால் 1943-ஆம் வருடம் முழுதாக இருக்கிறது. எப்படி? அந்த நகல் தாள்களில் அவள் திரும்ப எழுதி வைத்ததால். டைரி அழிந்துவிட்ட காலத்துக்கு அவளே எழுதிய நினைவுக் கதைதான் இன்று நமக்கு இருக்கும் முக்கியச் சாட்சி.

அந்த 1943-இல்தான் அவள் எழுதக் கற்றுக்கொண்டாள் என்பது என் எண்ணம். டைரிக்குப் பக்கத்தில் வேறு இரண்டு நோட்டுகள் வளர்ந்தன. ஒன்றில், தந்தையின் யோசனைப்படி, தான் வாசித்த புத்தகங்களில் பிடித்த பகுதிகளைப் பார்த்து எழுதினாள். அதற்கு அழகிய வாக்கியங்களின் புத்தகம் என்று பெயர். இன்னொன்று அலுவலகக் கணக்குப் புத்தகம். வரவு செலவு எழுதும் கோடுகளின்மேல் கதைகளும் பின்கட்டில் நடந்த சம்பவங்களும் எழுதினாள். தலைப்புகள் கொடுத்து, பொருளடக்கம் போட்டு, ஒரு நிஜப் புத்தகத்துக்குரிய மரியாதையோடு அதை வைத்திருந்தாள். டைரியில் ‘இன்று இது நடந்தது’ என்று எழுதுகிற கை, கணக்குப் புத்தகத்தில் ஒரே ஒரு சம்பவத்தை எடுத்து, தொடக்கமும் முடிவும் உள்ள காட்சியாக ஆக்கிப் பார்த்தது.

உருளைக்கிழங்கு உரிப்பதை எடுத்துக்கொள்வோம். எட்டுப் பேர் அடைந்து கிடக்கும் இடத்தில் தினம் நடக்கும் வேலை அது. எழுத என்ன இருக்கிறது என்றுதான் நமக்குத் தோன்றும். ஆன் அதைக் காட்சியாக்குகிறாள். ஒருவர் செய்தித்தாளை விரிக்கிறார், ஒருவர் கத்திகளைக் கொண்டுவருகிறார், அதில் நல்லதாக ஒன்றைத் தனக்கு ஒதுக்கிக்கொள்கிறார். பல் மருத்துவர் உரிக்கத் தொடங்குகிறார்; மற்றவர்கள் தன்னைப்போல் உரிக்கிறார்களா என்று இடமும் வலமும் பார்க்கிறார்; ஆனுக்குப் பாடம் எடுக்கிறார். தந்தையோ தலை நிமிராமல் கண்ணும் கருத்துமாய் உரிக்கிறார், சரியாக உரித்த கிழங்கைத் தவிர வேறெதையும் தண்ணீரில் போடுவதில்லை. யாருடைய குணத்தையும் ஒரு வார்த்தையில் சொல்லவில்லை. பிடிவாதக்காரர், தற்பெருமைக்காரர், பொறுமைசாலி என்று எந்த முத்திரையும் இல்லை. கத்தி பிடிக்கும் கையையும் பார்க்கிற பார்வையையும் மட்டும் வைத்தே மனிதர்கள் எழுந்து நின்றுவிடுகிறார்கள். முதல் நோட்டில் வகுப்புத் தோழர்களைப் பற்றி வரிசையாகத் தீர்ப்பெழுதியவளும் இவளேதான். நடுவில் ஓராண்டு கடந்திருக்கிறது.

இன்னொரு பகுதி அவளுடைய பேனாவைப் பற்றியது. 1943 நவம்பர் 11 என்று தேதியிட்டது. ஒரு ஊற்றுப் பேனா செத்துப்போனதற்கு இரங்கல் எழுதுகிறாள். ஆஹன் நகரத்துப் பாட்டியிடமிருந்து, பஞ்சில் பொதிந்து, அவளுடைய ஒன்பதாவது வயதில் வந்த பேனா. பத்து வயதில் பள்ளிக்குக் கொண்டுபோக அனுமதி. பதினொன்றில் ஆசிரியை மைக்கூட்டில் தொட்டு எழுதும் பேனாவைத்தான் அனுமதித்தார், இது வீட்டிலேயே கிடந்தது. பன்னிரண்டில் யூதப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கு அவள் மாறியபோது புதுப் பெட்டியில் கூடவே போனது. பதின்மூன்றில் பின்கட்டுக்கு வந்தது. பதினான்கில் ஒரு மாலை, பூஞ்சை பிடித்த அவரை விதைகளைத் துடைத்துச் சுத்தம் செய்த பிறகு, கூட்டிய குப்பையைச் செய்தித்தாளில் சுருட்டி அவளே அடுப்பில் போட்டாள். பேனாவும் அதற்குள் சேர்ந்து போய்விட்டது. மறுநாள் காலையில் தந்தை சாம்பலில் கண்டெடுத்தது சட்டைப்பையில் செருகும் கொக்கியை மட்டும். தங்க முள்ளின் சுவடே இல்லை.

வாழ்க்கைக் கதை எழுத வருகிறவர்கள் அந்த இரண்டு பக்கத்தைப் பலமுறை வாசிக்க வேண்டும். பள்ளி மாறியது ஏன், பாட்டி இருந்த ஊரைவிட்டு இவர்கள் இங்கே இருப்பது ஏன், அவரையில் பூஞ்சை பிடித்திருப்பது ஏன் என்று அவள் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. ஒரு பேனாவின் வயதைக் கணக்கிட்டுக்கொண்டு போகிறாள். ஐரோப்பாவின் ஐந்து ஆண்டுகள் அதற்குள் வந்துவிடுகின்றன.

திரும்பிப் படிக்கும் பழக்கமும் இந்தக் காலத்தில்தான் வந்தது. 1944 ஜனவரியில் பழைய நோட்டைப் புரட்டுகிறாள். அம்மாவின்மேல் கொட்டிய கோபத்தைப் படித்துத் திடுக்கிடுகிறாள். முதல் நோட்டிலேயே, 1942-இல் எழுதிய ஒரு பக்கத்தில், 1944 ஜனவரி 22 என்று தேதி போட்டு, இனி இப்படித் தன்னால் எழுத முடியாது என்ற பொருளில் ஒரு குறிப்பு சேர்க்கிறாள். எழுதியவளும் வாசிக்கிறவளும் வேறு வேறு ஆட்களாகப் பிரிந்த இடம் அது. அந்தப் பிரிவு வராதவரை ஒருவரால் தன் வாழ்க்கையை எழுத முடியாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அவளுக்கு ஒன்றரை வருடத்தில் வந்தது. பலருக்கு முப்பது, நாற்பது வருடம் ஆகிறது.

1944 மார்ச் 28 மாலை, பின்கட்டில் எல்லோரும் வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். லண்டனிலிருந்து நாடுகடந்த டச்சு அரசு நடத்திய ரேடியோ ஒரான்யே ஒலிபரப்பு. கல்வி அமைச்சர் ஹெரிட் போல்கஸ்டைன் பேசினார். இந்த ஆண்டுகளின் வரலாற்றை அரசாணைகளையும் ஆவணங்களையும் மட்டும் வைத்து எழுதிவிட முடியாது. சாதாரண மனிதர்களின் டைரிகளும் கடிதங்களும் வேண்டும். போர் முடிந்ததும் அவற்றையெல்லாம் சேகரிக்கப்போகிறோம் என்பது பேச்சின் சாரம். பின்கட்டில் எல்லோரும் ஆனின் டைரியைப் பற்றித்தான் பேச ஆரம்பித்தார்களாம். பத்திரிகையாளராக வேண்டும், எழுத்தாளராக வேண்டும் என்ற கனவு அவளுக்கு ஏற்கெனவே உண்டு. இப்போது ஒரு வாசகர் கூட்டம் எங்கோ காத்திருக்கிறது என்ற நினைப்பும் சேர்ந்துகொண்டது.

அடுத்த மாதமே அந்த நோட்டுகள் அடுப்புக்குப் போயிருக்க வேண்டியவை. ஏப்ரலில், ஈஸ்டர் விடுமுறையின்போது, கட்டடத்தில் திருடர்கள் புகுந்தார்கள். போலீஸ் வந்து, மறைவிடத்தை மூடியிருந்த புத்தக அலமாரியை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனது. மேலே எட்டுப் பேரும் இருட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிடிபட்டால் உதவி செய்தவர்களின் பெயர்களெல்லாம் டைரியில் இருக்கிறதே என்ற பயத்தில், அதை எரித்துவிடலாம் என்று ஒரு குரல் எழுந்தது. டைரி போனால் தானும் போன மாதிரிதான் என்று நின்றுவிட்டாள் ஆன். நல்லவேளை, அதற்குமேல் யாரும் வற்புறுத்தவில்லை.

மே மாதம் 20-ஆம் தேதி புது வேலையைத் தொடங்கினாள். போர்க்காலத்தில் நோட்டுக்குத் தட்டுப்பாடு; பெப் அலுவலகத்திலிருந்து நகல் தாள்களைக் கொண்டுவந்து கொடுத்தார். புத்தகத்துக்குப் பெயரும் முடிவாகிவிட்டது: ‘ஹெட் அக்டர்ஹௌஸ்’, அதாவது பின்கட்டு. ஆட்களின் பெயர்களை மாற்ற ஒரு பட்டியல் எழுதினாள். வான் பெல்ஸ் குடும்பம் வான் டான் ஆனது, பல் மருத்துவர் பெஃபர் டூசல் ஆனார். தன் பெயரையும் ஆன் ராபின் என்று மாற்றிக்கொள்ள நினைத்தாள்.

அவள் செய்த மாற்றங்களைப் பழைய நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரு தேர்ந்த பதிப்பாசிரியரின் வேலை தெரிகிறது. தோழிகள் கூட்டத்தைக் கலைத்துவிட்டாள். எல்லாக் கடிதமும் கிட்டி ஒருத்திக்கே. சிதறிக் கிடந்த குரல் ஒரே திசையில் பேச ஆரம்பித்தது. ஒரே மாதிரியான நாட்களைச் சுருக்கினாள். பல நாள் செய்திகளை ஒரே தேதிக்குள் கொண்டுவந்தாள். வெளியாள் ஒருவருக்குப் புரியாது என்று தோன்றிய இடங்களில் பின்னணி சேர்த்தாள். புத்தகத்தின் தொடக்கத்தில், தனக்கு மனம்விட்டுப் பேசத் தோழி இல்லை, அதனால்தான் டைரி எழுதுகிறேன் என்று விளக்கி, குடும்ப வரலாற்றையும் சொல்லும் புகழ்பெற்ற பகுதி வருகிறதே, 1942 ஜூன் 20 என்று தேதி போட்டது? பழைய நோட்டில் அது கிடையாது. 1944-இல், பின்கட்டில் இரண்டு வருடம் இருந்த பிறகு எழுதியது. பதின்மூன்று வயதுப் பெண்ணின் முதல் வார்த்தைகளாக நாம் எடுத்துக்கொண்டது, பதினைந்து வயது எழுத்தாளர் தன் புத்தகத்துக்கு யோசித்து அமைத்த நுழைவாயில்.

இதைக் கேட்டதும் சிலருக்கு முகம் சுருங்கும். அப்படியென்றால் அது பொய்யா என்பார்கள். எனக்கு அதில் பொய் எதுவும் தெரியவில்லை. அன்று அவளிடம் உணர்வு இருந்தது, அதைச் சொல்லும் மொழி இல்லை. பிறகு மொழி வந்தது. அந்த உணர்வுக்குரிய தேதியிலேயே அதைக் கொண்டுபோய் வைத்தாள்.

நீக்கியதும் நிறைய. அம்மாவைப் பற்றிய கடுமையான சொற்கள் சிலவற்றை எடுத்தாள். உடல் மாற்றங்களைப் பற்றி எழுதியவற்றில் பலவற்றை விட்டாள். பீட்டர்மீது 1944-இன் தொடக்கத்தில் பொங்கிய காதலையும் பெரும்பாலும் வெளியே நிறுத்தினாள். திருத்தி எழுதும் நேரத்தில் அந்த மயக்கம் தெளிந்திருந்தது. இருநூறுக்கும் மேற்பட்ட தாள்கள் பத்தே வாரத்தில் நிரம்பின. ஒரு பக்கம் அன்றாட டைரியும் தொடர்ந்தது. ஆகஸ்ட் 1-இல் டைரியில் கடைசிப் பதிவு. தாள்களில் திருத்தி எழுதிக்கொண்டு வந்து சேர்ந்திருந்த இடம் 1944 மார்ச் 29, அமைச்சரின் பேச்சைக் கேட்ட மறுநாள்.

ஆகஸ்ட் 4, வெள்ளிக்கிழமை காலை கார்ல் சில்பர்பவர் என்ற எஸ்எஸ் அதிகாரி டச்சுப் போலீஸ்காரர்களோடு மேலே ஏறினார். பணமும் நகையும் எங்கே என்று கேட்டார். அவற்றைப் போட்டு எடுத்துக்கொண்டு போக ஒரு பை தேவைப்பட்டது. கண்ணில் பட்டது ஓட்டோவின் தோல் பை. ஆனின் எழுத்துகளெல்லாம் அதற்குள்தான் இருந்தன. பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். நோட்டுகளும் கணக்குப் புத்தகமும் தாள்களும் தரையில் கொட்டின. அந்த அதிகாரிக்கு அவை குப்பை. எட்டுப் பேரையும் உதவியவர்களில் இருவரையும் கொண்டுபோனார்கள்.

அன்றே மீப்பும் பெப்பும் மேலே போய்க் கையில் அகப்பட்டதைப் பொறுக்கி எடுத்தார்கள். மீப் அவற்றைத் தன் மேசை இழுப்பறையில் வைத்தார். ஒரு வரிகூடப் படிக்கவில்லை. ஆன் திரும்பி வந்ததும் கையில் கொடுக்க வேண்டும், அவளுடைய அந்தரங்கம் அது என்பது அவருடைய எண்ணம். படித்திருந்தால் எரித்திருப்பேன் என்று பின்னாளில் சொன்னார். உதவியவர்கள் எல்லோரையும் காட்டிக்கொடுக்கக்கூடிய தகவல்கள் அதில் இருந்தன. ஒருவரின் நாகரிகத்தால் பிழைத்த புத்தகம் இது. வேலைக்காகத் தினமும் திறந்து மூடிய மேசையில், கிட்டத்தட்ட ஓராண்டு அது சும்மா கிடந்தது.

ஆன் வரவில்லை. வெஸ்டர்போர்க் முகாம், அங்கிருந்து 1944 செப்டம்பர் 3-இல் புறப்பட்ட ரயிலில் ஆஷ்விட்ஸ், பிறகு பெர்கன்-பெல்சன். அங்கே 1945-இன் ஆரம்ப மாதங்களில் மார்கோட்டும் அவளும் அடுத்தடுத்து இறந்தார்கள். தாய் ஈடித் ஜனவரி 6-ஆம் தேதி ஆஷ்விட்ஸிலேயே இறந்துவிட்டார். எட்டுப் பேரில் மிஞ்சியது ஓட்டோ ஒருவர்தான். ஜூன் 3-இல் ஆம்ஸ்டர்டாம் வந்து சேர்ந்தார், மகள்களைத் தேடினார். ஜூலையில், முகாமில் அவர்களோடு இருந்த சகோதரிகள் இருவரிடமிருந்து செய்தி உறுதியானது. அன்று மீப் இழுப்பறையைத் திறந்து எல்லாவற்றையும் எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

ஓட்டோவால் உடனே படிக்க முடியவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தார். பாசலில் இருந்த தன் தாய்க்காக ஜெர்மனில் பெயர்த்துத் தட்டச்சு செய்து அனுப்பினார். பிறகு முழுசாக ஒரு படி தயாரித்தார். மகள் திருத்தி எழுதிய தாள்களை அடிப்படையாக வைத்தார். அவள் திருத்தாமல் விட்ட கடைசி மாதங்களுக்கு அன்றாட நோட்டை எடுத்துக்கொண்டார். கணக்குப் புத்தகத்திலிருந்தும் நாலைந்து காட்சிகளைச் சேர்த்தார். மனைவியைப் பற்றிய சில கடுஞ்சொற்களை நீக்கினார். மகள் நீக்கிய பீட்டர் காதலின் சில பகுதிகளைத் திரும்பக் கொண்டுவந்தார்.

இந்த இடத்தில் ஓட்டோவைக் குறை சொல்லி நிறைய எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. குடும்பம் முழுவதையும் இழந்த ஒருவர் மகளின் கையெழுத்தை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்த மாதங்கள் அவை. ஆனால் ஒரு வருத்தம் உண்டு. அவர் உருவாக்கிய படியில் இரண்டு ஆன்கள் கலந்துவிட்டார்கள். அன்றாடம் கொட்டித் தீர்க்கிற பெண்ணும், அதைப் பார்த்து எடைபோட்டு எழுதிய எழுத்தாளரும் ஒரே குரலாகிவிட்டார்கள். உலகம் முன்னவளை நேசித்தது. பின்னவள் இருந்ததே பலருக்குத் தெரியாமல்போனது.

பதிப்பாளர் கிடைப்பதும் எளிதாக இல்லை. போரைப் பற்றி இனி யாரும் படிக்க மாட்டார்கள் என்று நினைத்த காலம். தட்டச்சுப் படி கைமாறி, வரலாற்றாசிரியர் யான் ரோமைனிடம் போனது. 1946 ஏப்ரல் 3-இல் அவர் ‘ஹெட் பரோல்’ நாளிதழின் முதல் பக்கத்தில் ‘ஒரு குழந்தையின் குரல்’ என்று எழுதிய சிறு கட்டுரைதான் கதவைத் திறந்தது. 1947 ஜூன் 25-இல் கொன்டாக்ட் பதிப்பகம் புத்தகத்தை வெளியிட்டது. முதல் அச்சு 3,000 பிரதிகளைச் சற்றே தாண்டியது. தலைப்பு அவள் வைத்ததுதான்.

1950-இல் ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் வந்தது. அமெரிக்காவில் பதிப்பகம் பதிப்பகமாக மறுத்தார்கள். பாரிஸில் டபுள்டே பதிப்பகத்தின் அலுவலகத்தில் வேலை பார்த்த ஜூடித் ஜோன்ஸ் என்ற இளம்பெண், நிராகரிக்க வேண்டியவற்றின் குவியலில் பிரெஞ்சுப் பதிப்பைப் பார்த்தார். அட்டையில் இருந்த முகம் இழுத்தது. எடுத்தவர் முடிக்கும்வரை கீழே வைக்கவில்லை. நியூயார்க்குக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்று நின்றார். 1952-இல் ஆங்கிலப் பதிப்பு வந்தது, 1955-இல் நாடகம், 1959-இல் திரைப்படம். இன்று எழுபதுக்கும் மேற்பட்ட மொழிகளில் இருக்கிறது.

புத்தகம் பரவப் பரவ, அது போலி என்று சொல்லும் கூட்டமும் கிளம்பியது. அவர்களில் சிலர் பிடித்துக்கொண்ட வாதம், திருத்தி எழுதிய தாள்களைப் பற்றியது. ஒரே நாளைப் பற்றி இரண்டு விதமான எழுத்தா, இரண்டு விதமான கையெழுத்தா என்று கேட்டார்கள். எழுத்தாளர் என்றால் திருத்தி எழுதுவார் என்ற எளிய உண்மை குற்றச்சாட்டாக மாறியது. 1980 ஆகஸ்ட் 19-இல் ஓட்டோ இறந்தபோது, மூலங்களையெல்லாம் நெதர்லாந்து அரசின் போர் ஆவண நிறுவனத்துக்கு எழுதிவைத்திருந்தார். விடுதலை கிடைத்த மூன்றாம் நாள், 1945 மே 8-இல் தொடங்கிய நிறுவனம் அது. சாதாரண மக்களின் டைரிகளைச் சேர்ப்போம் என்று அமைச்சர் வானொலியில் சொன்னாரே, அந்த நோக்கத்துக்காகவே பிறந்தது. அவள் மனத்தில் நினைத்து எழுதிய முகவரிக்கு அவளுடைய தாள்கள் முப்பத்தைந்து ஆண்டு சுற்றி வந்து சேர்ந்தன.

அங்கே அரசின் தடயவியல் கூடத்தில் தாளையும் மையையும் பசையையும் கையெழுத்தையும் சோதித்தார்கள். எழுதியது அவள்தான் என்று ஐயமற நிறுவினார்கள். 1986-இல் வந்த ஆய்வுப் பதிப்பு அன்றாட நோட்டு, திருத்தி எழுதிய தாள்கள், தந்தையின் அச்சுப் படி மூன்றையும் ஒரே பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிட்டது. எழுதக் கற்றுக்கொள்கிற ஒருவருக்கு அதைவிடச் சிறந்த பாடநூல் எனக்குத் தெரிந்து இல்லை. ஒரே நாள், ஒரே சம்பவம். மேலே கொட்டியது, கீழே கோத்தது. எந்தச் சொல் போயிற்று, எந்தச் சொல் வந்தது என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

தாள்களின் பயணம் அதோடும் நிற்கவில்லை. 1998-இல், ஓட்டோ தன் நண்பர் ஒருவரிடம் கொடுத்துவைத்திருந்த ஐந்து தாள்கள் வெளியே வந்தன. பெற்றோரின் திருமணத்தைப் பற்றி, அம்மாவுக்கு அப்பாமீது இருந்த அளவுக்குக் காதல் அப்பாவுக்கு இல்லை என்று மகள் கவனித்து எழுதியது அவற்றில் இருந்தது. தந்தை அதை மறைத்தது புரிந்துகொள்ளக்கூடியது; மகள் அதை எழுதத் துணிந்தது எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிகிறது. அம்மாவைக் கோபித்துக்கொண்டே இருந்தவள், அம்மா ஏன் அப்படி இருக்கிறாள் என்று கேட்கத் தொடங்கிவிட்டாள். 2009-இல் யுனெஸ்கோ மூலங்களை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. 2018-இல், முதல் நோட்டில் அவள் பழுப்புத் தாள் ஒட்டி மறைத்திருந்த இரண்டு பக்கங்களை ஆராய்ச்சியாளர்கள் புகைப்படத்தின் உதவியால் படித்தார்கள். சில கொச்சையான சிரிப்புக் கதைகள், ஆண் பெண் உறவைப் பற்றிச் சில வரிகள். ஒட்டி மறைத்ததைத் திறந்து படிப்பது சரியா என்று எனக்கு இன்றும் மனம் உறுத்துகிறது. வேண்டாம் என்று அவள் எடுத்த முடிவும் அவளுடைய எழுத்தின் ஒரு பகுதிதானே.

அதனால்தான் 2019-இல் நடந்ததை இந்தத் தாள்களின் வாழ்க்கையில் மிக முக்கியமான திருப்பமாகக் கருதுகிறேன். அந்த ஆண்டு ஜெர்மன் மொழியில் ‘அன்புள்ள கிட்டி’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் வந்தது. ஃபிராங்க் குடும்பத்தை ஆம்ஸ்டர்டாமில் சிறுவயதில் அறிந்தவரும் இலக்கியப் பேராசிரியருமான லாரீன் நஸ்பாம், அவளுடைய திருத்திய வடிவத்தைத் தனியாக வெளியிட வேண்டும் என்று நெடுங்காலம் வாதாடிவந்தார். நூலின் பின்னுரை அவருடையது. உள்ளே தந்தையின் சேர்க்கை இல்லை, அன்றாட நோட்டின் கலப்பு இல்லை. நகல் தாள்களில் ஆன் எழுதியது மட்டும். நாடகத்திலும் படத்திலும் நாம் பார்த்துப் பழகிய பீட்டர் காதலை அதில் தேடினால் ஏறக்குறைய கிடைக்காது. பதினைந்து வயதில் அந்த எழுத்தாளர் அது வேண்டாம் என்று முடிவு செய்திருந்தார். எழுபத்தைந்து வருடம் கழித்து அந்த முடிவை மதித்து ஒரு பதிப்பு வந்திருக்கிறது.